வலையமைப்பு வடத்தின் வழியே வலு: இழப்பைக் குறைத்து மாற்றுவது எப்படி?

க.பொ.த. (சாதாரண தரம்) – விஞ்ஞானம்
தொடர்புடைய அலகுகள்: ஓட்ட மின்னியல், மின்வலுவும் சக்தியும், மின்காந்தத் தூண்டல், இலத்திரனியல்



ஓமின் விதி, மின்வலு, இருவாயி, திரான்சிற்றர், நிலைமாற்றி ஆகியவற்றை நீங்கள் தனித்தனி அலகுகளாகக் கற்றிருப்பீர்கள். பரீட்சையில் வரும் அமைப்புக் கட்டுரை வினா இவற்றை ஒரே உபகரணத்தில் இணைத்துக் கேட்கும்போது பலர் தடுமாறுகின்றனர். இக்கட்டுரையில் ஒரு கமெராவை எடுத்து, அதற்கு வலு வரும் பாதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை பின்பற்றுவோம். கணிப்பானை அருகில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கணிப்பையும் நீங்களே செய்து பாருங்கள்.

1. அறிமுகம்

பழைய கம்பித் தொலைபேசிகள் மின்வெட்டு நேரத்திலும் வேலை செய்தன. அவற்றுக்குத் தேவையான வலு, பேச்சைக் கொண்டுவந்த அதே செப்புக் கம்பிச் சோடியின் வழியே, தொலைபேசி நிலையத்தின் 48 வோல்ற்று மின்கலவடுக்கிலிருந்து வந்தமையே காரணமாகும்.

இதே எண்ணம் இன்று கணினி வலையமைப்பிலும் பயன்படுகின்றது. பாதுகாப்புக் கமெரா, கம்பியில்லா இணைய அணுகற் கருவி, இணையத் தொலைபேசி, கதவுப் பூட்டு, உணரி முதலியவை ஈதர்நெற் வடம் ஒன்றினால் மாத்திரம் இணைக்கப்படுகின்றன. தரவும் வலுவும் அவ்வொரே வடத்தில் செல்கின்றன. வலுவை வழங்குவது மறுமுனையிலுள்ள சுவிச் எனப்படும் வலையமைப்பு ஆளியாகும். கூரையின் கீழோ மதிலின் மேலோ 230 வோல்ற்றுக் குதை அமைக்க வேண்டியதில்லை.

இதற்கான முதலாவது சர்வதேச நியமம் 2003 இல் ஐ.ஈ.ஈ.ஈ. நிறுவனத்தினால் வெளியிடப்பட்டது. பின்னர் 2009 இலும் 2018 இலும் வலுவின் அளவு கூட்டப்பட்டது. வடத்தின் நீளம் 100 மீற்றர் வரை இருக்கலாம்.

2. குறைந்த அழுத்தத்தில் அனுப்பினால் என்ன?

கமெராவின் உள்ளேயுள்ள சுற்றுகளுக்கு 5 வோல்ற்று அல்லது 3.3 வோல்ற்றே தேவை. அப்படியாயின் ஆளியிலிருந்து 5 வோல்ற்றையே அனுப்பலாமே என நீங்கள் கேட்கலாம். கணித்துப் பார்ப்போம்.

உதாரணம் 1
100 மீற்றர் வடமொன்றில் மின்னோட்டம் போய் மீளும் பாதையின் மொத்தத் தடை 20 ஓம் ஆகும். உபகரணத்துக்கு 12.95 உவாற்று வலு தேவை. அது 5 வோல்ற்றில் பெறப்படுமாயின்,

மின்னோட்டம் = வலு ÷ அழுத்த வித்தியாசம் = 12.95 ÷ 5 = 2.59 அம்பியர்
வடத்தில் ஏற்படும் அழுத்த வீழ்ச்சி = 2.59 × 20 = 51.8 வோல்ற்று

உபகரணத்துக்கு 5 வோல்ற்றைக் கொடுப்பதற்காக வடத்தில் மட்டும் 51.8 வோல்ற்றை இழக்க வேண்டும். வடத்தில் வெப்பமாக விரயமாகும் வலு 2.59 × 2.59 × 20 = 134 உவாற்று (அண்ணளவாக). பயன் 13 உவாற்று, விரயம் 134 உவாற்று! மெல்லிய வடம் சூடேறிப் பழுதடையும்.

எனவே கூடிய அழுத்தத்தில், குறைந்த மின்னோட்டத்தில் அனுப்ப வேண்டும். மின்னிலையத்திலிருந்து 220 கிலோவோல்ற்று, 132 கிலோவோல்ற்று வழிகளில் மின்சாரத்தை நெடுந்தூரம் கொண்டு செல்வதும் இதே காரணத்துக்காகவே. வடத்தில் விரயமாகும் வலு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமன் ஆகும். மின்னோட்டத்தைப் பாதியாக்கினால் விரயம் காற்பங்காகும்.

அவ்வாறாயின் 230 வோல்ற்றையே வடத்தில் அனுப்பினால் என்ன? வலையமைப்பு வடத்தைச் சாதாரண மனிதர் கையால் செருகிக் கழற்றுகின்றனர். எனவே ஆபத்து ஏற்படாதிருக்க அழுத்தம் 60 வோல்ற்றுக்குள் அடங்க வேண்டும். நியமத்தின்படி ஆளி தரும் உச்ச அழுத்தம் 57 வோல்ற்று. விரயத்தைக் குறைக்க அழுத்தம் கூட வேண்டும், ஆபத்தைத் தவிர்க்க அது குறைய வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையிலான இணக்கமே ஏறத்தாழ 48 வோல்ற்று என்பதை மனதிற் கொள்க.

3. வடத்தின் வினைத்திறன்

உதாரணம் 2
2003 நியமத்தின்படி ஆளி குறைந்தது 44 வோல்ற்றில் 0.35 அம்பியரை வழங்க வேண்டும். வடத்தின் தடை 20 ஓம் எனக் கொள்க.

ஆளி வழங்கும் வலு = 44 × 0.35 = 15.4 உவாற்று
வடத்தில் விரயம் = 0.35 × 0.35 × 20 = 2.45 உவாற்று
உபகரணத்துக்குக் கிடைக்கும் வலு = 15.4 − 2.45 = 12.95 உவாற்று

வேறு வழியால் சரிபார்த்தல்:
வடத்தில் அழுத்த வீழ்ச்சி = 0.35 × 20 = 7 வோல்ற்று
உபகரண முனையில் அழுத்தம் = 44 − 7 = 37 வோல்ற்று
வலு = 37 × 0.35 = 12.95 உவாற்று

வடத்தின் வினைத்திறன் = (12.95 ÷ 15.4) × 100 = 84.1 சதவீதம்

நியமத்தில் 15.4, 12.95 எனும் விசித்திரமான எண்கள் ஏன் வந்தன என்பது இப்போது விளங்குகிறதல்லவா? அவை ஓமின் விதியிலிருந்து வந்தவையே.

2009 நியமத்தில் 12.5 ஓம் தடையுள்ள மேம்பட்ட வடம் கருதப்பட்டது. அவ்வடத்தில் 100 மீற்றர் நீளமான ஒரு கம்பியின் தடை 12.5 ஓம் ஆகும். ஒரு சோடியின் இரு கம்பிகளும் சமாந்தரமாக மின்னோட்டத்தைக் கொண்டு செல்வதால் அச்சோடியின் தடை 6.25 ஓம். போவதற்கு ஒரு சோடி, மீள்வதற்கு ஒரு சோடி தொடராக அமைவதால் மொத்தம் 12.5 ஓம். ஆளி 50 வோல்ற்றில் 0.6 அம்பியரை, அதாவது 30 உவாற்றை வழங்கும். வடத்தில் 4.5 உவாற்று விரயமாக, 25.5 உவாற்று கிடைக்கும்.

2018 நியமத்தில் வடத்தின் நான்கு சோடிகளும் பயன்படுத்தப்படுகின்றன. இரண்டு பாதைகள் சமாந்தரமாக அமைவதால் தடை மீண்டும் பாதியாகி 6.25 ஓம் ஆகின்றது. ஆளி 90 உவாற்று வரை வழங்கலாம்.

4. வலு வழங்க முன் செய்யப்படும் சோதனை

அதே குதையில் வலு தேவையற்ற சாதாரண கணினியையும் ஒருவர் செருகலாம். அதன்மீது 48 வோல்ற்றைச் செலுத்தினால் அது பழுதடையக்கூடும். எனவே ஆளி முதலில் சிறிய அழுத்தமொன்றைப் பிரயோகித்து, மறுமுனையில் 25 கிலோ ஓம் தடை உள்ளதா எனப் பார்க்கும். அத்தடை இருந்தால் மாத்திரமே வலு வழங்கப்படும்.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். சோதனை ஓர் அழுத்தத்தில் மட்டும் செய்யப்படுவதில்லை, இரண்டு அழுத்தங்களில் செய்யப்படும். உபகரணத்தின் வாயிலில் தொடராக இரு இருவாயிகள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ 1.4 வோல்ற்று வீழ்ச்சி ஏற்படும்.

4 வோல்ற்றில்: மின்னோட்டம் = (4 − 1.4) ÷ 25 = 0.104 மில்லியம்பியர்
8 வோல்ற்றில்: மின்னோட்டம் = (8 − 1.4) ÷ 25 = 0.264 மில்லியம்பியர்

முதலாவது அளவீட்டை மட்டும் கொண்டு கணித்தால் 4 ÷ 0.104 = 38.5 கிலோ ஓம் என்ற பிழையான விடை வரும். ஆனால் அழுத்த மாற்றத்தை மின்னோட்ட மாற்றத்தால் வகுத்தால், 4 ÷ 0.16 = 25 கிலோ ஓம். இருவாயிகளின் வீழ்ச்சி கழிந்துவிடுகிறது. வரைபின் படித்திறனைக் கொண்டு தடையைக் காணும்போது நீங்கள் செய்வதும் இதுவே.

5. முதலாம் வாயில்: பாலச் சீராக்கி

ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கப் பாலச் சீராக்கி பயன்படும் எனக் கற்றீர்கள். வடத்தில் வருவது நேரோட்டமே. அப்படியிருக்க உபகரணத்தில் பாலச் சீராக்கி ஏன்?

எந்தச் சோடி நேர், எந்தச் சோடி மறை என்பது ஆளியையும் வடத்தின் இணைப்பு முறையையும் பொறுத்து மாறலாம். பாலச் சீராக்கி இருப்பின் எப்படி இணைத்தாலும் உள்ளே செல்லும் முனைவுத்தன்மை மாறாது. எனவே இங்கு அதன் பணி உபகரணத்தைப் பாதுகாத்தலாகும்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. எந்நேரமும் இரு இருவாயிகள் மின்னோட்டப் பாதையில் உள்ளன. ஒவ்வொரு சிலிக்கன் இருவாயியிலும் 0.7 வோல்ற்று வீழ்ச்சி எனின்,

விரயம் = 1.4 × 0.35 = 0.49 உவாற்று

இதனைத் தவிர்க்க, இருவாயிகளுக்குப் பதிலாக மொஸ்பெற் வகைத் திரான்சிற்றர்கள் நான்கு ஆளிகளாகப் பயன்படுத்தப்படுகின்றன. மூடிய நிலையில் அவை மிகச் சிறிய தடைகளைப் போன்று நடந்துகொள்ளும். ஒன்றின் தடை 0.05 ஓம் எனக் கொண்டால், தொடராக இரண்டுக்கும் 0.1 ஓம்.

விரயம் = 0.35 × 0.35 × 0.1 = 0.012 உவாற்று

விரயம் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

6. இரண்டாம் வாயில்: 37 வோல்ற்றை 5 வோல்ற்றாக மாற்றுதல்

முறை அ: மிகுதியை வெப்பமாக விரயமாக்கல்
தொடராக ஒரு கட்டுப்படுத்தியை இணைத்து, மிகுதி 32 வோல்ற்றையும் அதில் வீழ்த்தலாம். இங்கு உட்செல்லும் மின்னோட்டமும் வெளிவரும் மின்னோட்டமும் சமனாகும்.

பெய்ப்பு வலு = 37 × 0.35 = 12.95 உவாற்று
பயப்பு வலு = 5 × 0.35 = 1.75 உவாற்று
வினைத்திறன் = 13.5 சதவீதம்

மிகுதி 11.2 உவாற்று வெப்பமாகின்றது. காற்றோட்டமற்ற சிறு பெட்டிக்குள் இது ஏற்கத்தக்கதல்ல.

முறை ஆ: ஆளி முறை மாற்றல்
இங்கு திரான்சிற்றர் முழுமையாக மூடிய ஆளியாகவும் முழுமையாகத் திறந்த ஆளியாகவும் மாறி மாறித் தொழிற்படும். ஆளி மூடியிருக்கும்போது அதற்குக் குறுக்கேயுள்ள அழுத்த வித்தியாசம் ஏறத்தாழப் பூச்சியம். திறந்திருக்கும்போது மின்னோட்டம் பூச்சியம். வலு இவ்விரண்டின் பெருக்கம் ஆகையால், எந்நிலையிலும் திரான்சிற்றரில் விரயம் மிகச் சிறிது. அரைகுறையாகத் திறந்திருக்கும் நிலையிலேயே விரயம் கூடும். ஆகவே ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்கு விரைவாக மாறுவது அவசியம்.

“நிலைமாற்றி நேரோட்டத்தில் தொழிற்படாது. அப்படியாயின் இங்கு நிலைமாற்றி எவ்வாறு பயன்படுகிறது?” இது நல்ல வினா. திரான்சிற்றர் நேரோட்டத்தை ஒரு செக்கனில் இலட்சக்கணக்கான தடவைகள் துண்டித்து இணைக்கின்றது. அதனால் முதற்சுருளின் காந்தப்பாயம் மாறிக்கொண்டேயிருக்கும். மாறும் காந்தப்பாயம் துணைச்சுருளில் மின்னியக்க விசையைத் தூண்டும். ஆளி மூடியிருக்கும்போது அகணியின் காந்தப்புலத்தில் சேரும் சக்தி, ஆளி திறந்ததும் துணைச்சுருளின் வழியே வெளியேறும். கொள்ளளவி அதனை ஒப்பமாக்கும்.

வீட்டு மின்வழங்கலின் மீடிறன் 50 ஏட்சு மட்டுமே. இங்கு மீடிறன் பல்லாயிரம் மடங்கு அதிகமாதலால், ஒவ்வொரு தடவையும் மாற்ற வேண்டிய சக்தி மிகச் சிறிது. அதனால் விரல் நுனியளவு நிலைமாற்றியே போதுமானது. மேலும் இரு சுருள்களுக்கும் இடையே மின்தொடர்பு இல்லாமையால், வடத்தில் ஏற்படும் மின்கோளாறு உபகரணத்தைத் தொடுபவரைத் தாக்காது.

துணைச்சுருளுக்கு அடுத்துள்ள இருவாயியிலும் கவனம் தேவை. 5 வோல்ற்றைத் தரும் சுற்றில் இருவாயியொன்று 0.4 வோல்ற்றை வீழ்த்தினால், அங்கு வரும் 5.4 வோல்ற்றில் 7.4 சதவீதம் வீணாகும். பயப்பு அழுத்தம் குறையக் குறைய இவ்வீதம் கூடும். எனவே இங்கும் இருவாயியின் இடத்தில் மொஸ்பெற் ஆளி பயன்படுத்தப்படுகின்றது.

7. மொத்த வினைத்திறன்

படிகள் தொடராக அமைந்தால் அவற்றின் வினைத்திறன்களைப் பெருக்க வேண்டும், கூட்டக்கூடாது. உபகரணத்துக்குள் 12.95 உவாற்று நுழைகின்றது எனக் கொள்வோம்.

சாதாரண அமைப்பு (இருவாயிப் பாலம், 85 சதவீத மாற்றி)
பாலத்தின் பின் = 12.95 − 0.49 = 12.46 உவாற்று
பயன்படு வலு = 12.46 × 0.85 = 10.59 உவாற்று
பெட்டிக்குள் வெப்பம் = 2.36 உவாற்று

மேம்பட்ட அமைப்பு (மொஸ்பெற் பாலம், 92 சதவீத மாற்றி)
பாலத்தின் பின் = 12.95 − 0.01 = 12.94 உவாற்று
பயன்படு வலு = 12.94 × 0.92 = 11.90 உவாற்று
பெட்டிக்குள் வெப்பம் = 1.05 உவாற்று

கிடைத்த இலாபம் 1.31 உவாற்று மட்டுமே. இது பெரிய விடயமா? ஆம். வீட்டு மின்சுற்றில் வலு போதாவிடின் கூடுதலாகப் பெறலாம். இங்கு 12.95 உவாற்றே எல்லை. அவ்வெல்லைக்குள் இரவு விளக்கொன்றைச் சேர்க்கலாமா, முடியாதா என்பதை இந்த 1.31 உவாற்றே தீர்மானிக்கக்கூடும். அத்துடன் பெட்டிக்குள் உருவாகும் வெப்பம் பாதிக்கும் கீழே குறைவதால் கொள்ளளவிகளின் ஆயுள் கூடும்.

8. சிந்திக்க ஒரு பிரச்சினை: இரவில் அணையும் கமெரா

ஒரு பாடசாலையின் வாயிலில் சுழலும் கமெராவொன்று பொருத்தப்பட்டது. பகல் முழுவதும் நன்றாக வேலை செய்தது. இருட்டியதும் அணைந்தது, மீண்டும் ஒளிர்ந்தது, மீண்டும் அணைந்தது. காவல் தேவைப்படும் நேரத்திலேயே காட்சி இல்லை. கமெரா பழுது எனக் கருதிப் புதியதை வாங்கினர். அதுவும் அவ்வாறே அணைந்தது. குறைபாடு எங்கே?

வடத்தின் நீளம் 100 மீற்றர். மலிவாகக் கிடைத்ததென வாங்கிய அவ்வடத்தின் கம்பிகள் செப்பு முலாமிட்ட அலுமினியம் ஆகும். செப்பின் தடைத்திறன் 1.7 × 10⁻⁸ ஓம் மீற்றர். அலுமினியத்தின் தடைத்திறன் 2.8 × 10⁻⁸ ஓம் மீற்றர். எனவே 12.5 ஓமாக இருக்க வேண்டிய தடை ஏறத்தாழ 20 ஓம் ஆனது. ஆளி 50 வோல்ற்றில் 30 உவாற்று வரை வழங்கக்கூடியது.

ஆளி முறை மாற்றி, தனக்கு வரும் அழுத்தம் குறைந்தாலும் அதே வலுவைப் பெறவே முயலும். எனவே அழுத்தம் குறையும்போது அது கூடிய மின்னோட்டத்தை எடுக்கும். இது ஓமின் விதிக்கு அமையும் தடையியின் நடத்தைக்கு நேர்மாறானது என்பதைக் கவனிக்க.

மின்னோட்டத்தை ‘அ’ அம்பியர் எனக் கொள்வோம்.
ஆளி தரும் வலு = உபகரணத்தின் வலு + வடத்தில் விரயம்

பகலில் (10 உவாற்று): 50அ = 10 + 20அ²
தீர்த்தால் அ = 0.219. ஆளியிலிருந்து பெறும் வலு 10.96 உவாற்று. பிரச்சினை இல்லை.

இரவில் செங்கீழ்க்கதிர் விளக்குகளும் மோட்டரும் இயங்கும்போது (25.5 உவாற்று): 50அ = 25.5 + 20அ²
தீர்த்தால் அ = 0.714. ஆளியிலிருந்து பெற வேண்டிய வலு 50 × 0.714 = 35.7 உவாற்று.

(இருபடிச் சமன்பாட்டுக்கு இரு தீர்வுகள் உண்டு. சிறிய மின்னோட்டமே இங்கு பொருத்தமானது.)

30 உவாற்று எல்லை மீறப்படுவதால் ஆளி தன்னைப் பாதுகாக்க வழங்கலைத் துண்டிக்கின்றது. சிறிது நேரத்தில் மீண்டும் சோதித்து வழங்குகின்றது. விளக்குகள் ஒளிர்ந்ததும் மீண்டும் துண்டிக்கின்றது. செப்பு வடமாயின் இதே சமன்பாட்டில் 20 இற்குப் பதிலாக 12.5 வரும்; அ = 0.6 ஆகும், வலு சரியாக 30 உவாற்று.

ஆகவே கமெராவில் குறையில்லை, வடத்திலேயே குறை. தீர்வுகள்: செப்பு வடத்தைப் பயன்படுத்தல், வடத்தின் நீளத்தைக் குறைத்தல், வினைத்திறன் கூடிய மாற்றியுள்ள கமெராவைத் தெரிவு செய்தல். இவ்வாறான வினாவுக்கு விடையளிக்கும்போது காரணத்தையும் கணிப்பையும் சேர்த்து எழுதினால் மாத்திரமே முழுப் புள்ளி கிடைக்கும்.

9. மாணவர் பொதுவாக விடும் தவறுகள்

• வடத்தின் விரயத்தைக் காண 44 வோல்ற்று முழுவதையும் பயன்படுத்தல். வடத்துக்குக் குறுக்கேயுள்ள 7 வோல்ற்றையே பயன்படுத்த வேண்டும்.
• வடத்தின் ஒரு வழித் தடையை மட்டும் கொள்ளல். மின்னோட்டம் மீண்டும் வர வேண்டும்.
• பாலச் சீராக்கியில் நான்கு இருவாயிகளினதும் வீழ்ச்சியைக் கூட்டல். ஒரு நேரத்தில் கடத்துபவை இரண்டு மட்டுமே.
• வலுவையும் சக்தியையும் குழப்புதல். வலுவின் அலகு உவாற்று. சக்தியின் அலகு யூல் அல்லது கிலோவாற்று மணி.

10. பயிற்சி வினாக்கள்

(1) 2018 நியமத்தின்படி ஆளியொன்று 52 வோல்ற்றில் 90 உவாற்றை வழங்குகிறது. வடத்தின் மொத்தத் தடை 6.25 ஓம். உபகரணத்துக்குக் கிடைக்கும் வலுவைக் காண்க.

(2) பயப்பு வலு 10 உவாற்றாகவுள்ள இரு மாற்றிகளின் வினைத்திறன்கள் முறையே 80 சதவீதம், 92 சதவீதம். இரண்டும் நாள் முழுவதும் இயங்கினால், ஒரு வருடத்தில் இரண்டாவது மாற்றியினால் சேமிக்கப்படும் மின்சக்தியைக் கிலோவாற்று மணியில் தருக.

(3) நேரோட்டம் பெறும் உபகரணத்தில் பாலச் சீராக்கி இருப்பதன் காரணம் யாது?

(4) திரான்சிற்றரை முழுமையாகத் திறந்தும் மூடியும் பயன்படுத்துவதால் விரயம் குறைவது ஏன்?

விடைகள்

(1) மின்னோட்டம் = 90 ÷ 52 = 1.73 அம்பியர். விரயம் = 1.73 × 1.73 × 6.25 = 18.7 உவாற்று. கிடைக்கும் வலு = 71.3 உவாற்று.

(2) பெய்ப்பு வலுக்கள்: 10 ÷ 0.80 = 12.5 உவாற்று, 10 ÷ 0.92 = 10.87 உவாற்று. வித்தியாசம் 1.63 உவாற்று. ஒரு வருடத்தில் 1.63 × 24 × 365 ÷ 1000 = 14.3 கிலோவாற்று மணி. ஓர் உபகரணத்துக்கே இவ்வளவு எனின், நூறு உபகரணங்கள் உள்ள கட்டடத்துக்கு எவ்வளவு என எண்ணிப் பாருங்கள்.

(3) வடத்தின் சோடிகள் எம்முனைவுத்தன்மையுடன் இணைக்கப்பட்டாலும் உபகரணத்தின் உட்சுற்றுக்குச் சரியான முனைவுத்தன்மை கிடைக்கச் செய்வதற்காக.

(4) மூடிய நிலையில் அழுத்த வித்தியாசமும் திறந்த நிலையில் மின்னோட்டமும் ஏறத்தாழப் பூச்சியமாவதால், அவற்றின் பெருக்கமான வலு இரு நிலைகளிலும் மிகச் சிறிது.

மாணவர்களே, இங்கு பயன்படுத்திய சமன்பாடுகள் இரண்டே: அழுத்த வித்தியாசம் = மின்னோட்டம் × தடை; வலு = அழுத்த வித்தியாசம் × மின்னோட்டம். இவற்றை மனனம் செய்வதோடு நின்றுவிடாது, எந்த அழுத்தம், எந்த மின்னோட்டம், எந்தத் தடை என ஒவ்வொரு தடவையும் கேட்டுப் பழகுங்கள். பரீட்சை மண்டபத்திலும் வாயிற் கமெராவின் முன்னும் அந்தக் கேள்வியே உங்களுக்குக் கைகொடுக்கும்.